பால் மாட்டு வீட்டில் கடுங்காப்பி

பானுப்ரியாவின் வீட்டுக் கொட்டகையில் நான்கு கறவை மாடுகள் நிற்கின்றன. விடிந்தும் விடியாமல் கேன் நிரம்பிப் பால் சொசைட்டிக்குப் போய்விடும். வீட்டுக்கென்று எடுத்து வைத்ததில் மிஞ்சியது தயிராகி, தயிர் மோராகி, மோரும் மிஞ்சினால் நாய்க்கு ஊற்றுவார்கள். அப்பேர்ப்பட்ட வீட்டில் மருமகள் ஒருத்தி அடுப்படியில் நின்றுகொண்டு பால் ஊற்றாத காப்பி குடிக்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை.

ஊர் மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. அந்தப் பக்கத்தில் கடுங்காப்பிக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு தவலையில் கடுங்காப்பி போட்டுக்கொண்டு வந்து வைப்பார்கள். அழுது தொண்டை காய்ந்தவர்கள் ஆளுக்கு ஒரு வாய் குடிப்பார்கள். மற்ற நாளில் விருந்தாளிக்கு அதை நீட்டினால் அவமானம். தனக்கே போட்டுக்கொண்டால் அபசகுனம். பானுவின் மாமியார் லட்சுமியம்மாள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். பால் திரிந்துபோன நாளில்கூட அடுத்த வீட்டில் ஒரு கரண்டி வாங்கி வந்து, காப்பியின் நிறத்தை மாற்றிவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

பானுவுக்கு இந்தப் பழக்கம் விக்கிரவாண்டியில் ஒட்டிக்கொண்டது. சுங்கச்சாவடியைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு காப்பிக் கடை இருந்தது. கார்க்காரர்கள் இறங்கி இடுப்பை நெளித்து, செல்பி எடுத்து, குடித்துவிட்டுப் போவார்கள். அங்கே கப் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தாள். மெஷின் பார்க்கிற அலெக்ஸ் கடை திறந்ததும் முதலில் வருகிற காப்பியைக் குட்டிக் கப்பில் பிடித்து அப்படியே தொட்டியில் கொட்டுவான். கொட்டுகிறதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

“ஏம்பா அலெக்ஸு, இன்னாத்துக்கு அத கொட்டற? நல்லா இல்லியா?”

“நல்லாத்தான்க்கா இருக்கும். மெஷின் சூடு சரியா ஏறிடுச்சான்னு பாக்கறதுக்குப் புடிக்கறது. எஸ்பிரெசோ. குடிக்கிறீங்களா? கசக்கும், அப்பறம் என்ன திட்டக் கூடாது.”

கசந்தது. ஆனால் மருந்துக் கசப்பு இல்லை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வறுக்கும்போது தோல் லேசாகக் கருகினால் ஒரு வாசனை வருமே, அது முதலில் வந்தது. அப்புறம் அடியில் எங்கிருந்தோ வெல்லப் பாகு மாதிரி ஒன்று வந்தது. விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. பானுவுக்கு அது பிடித்துவிட்டது. பேர், அப்பா சினிமாக் கொட்டகையிலிருந்து வந்து வைத்தது. மாப்பிள்ளை, தாய்மாமன் பார்த்தது. மாடுகள், மாமியார் தேர்ந்தெடுத்தவை. கட்டுகிற சேலைகூடப் பாதி நாத்தனார்கள் கட்டிக் கழித்தது. இந்தக் கசப்பு ஒன்றுதான் அவளாகக் கண்டுபிடித்து, அவளாகப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அலெக்ஸ் ஒரு நாளும் கொட்டவில்லை.

பிறகு முதலாளி கடையை விற்றார். வாங்கினவர் மெஷினைத் தூக்கி எறிந்துவிட்டு பரோட்டாக் கல் போட்டார். பானு வீட்டுக்கு வந்து மறுபடியும் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆரம்பித்தாள்.

வேலை போனதைக்கூட விட்டுவிட்டாள். அந்தக் காப்பி போனதை விட முடியவில்லை. வீட்டு பில்டரில் போட்டுப் பார்த்தாள். பில்டர் டிகாக்‌ஷனைக் குறை சொல்லக் கூடாது, அது அதற்குரிய மரியாதையோடு இருக்கட்டும். ஆனால் அது சொட்டுச் சொட்டாக, பால் வந்து சேரட்டும் என்று பொறுமையாக இறங்குகிற சரக்கு. இறங்கி முடிவதற்குள் ஆறிப்போகிறது. பானுவுக்கு வேண்டியது சூடாக, கெட்டியாக, கொஞ்சமாக, உடனே. ஊரில் சொன்னால், “எஸ்பிரெசோவா? கல்யாண ரிசப்ஷன்ல நுரையா ஊத்திக் குடுப்பானே, அதுவா?” என்றார்கள். அதுவும் இல்லை. விளக்கிச் சொல்லி அலுத்துப்போய் ஹஸீனாவுக்கு போன் போட்டாள்.

ஹஸீனா விக்கிரவாண்டிக் கடையில் கல்லாவில் இருந்தவள். பிறந்த ஊர் கோட்டக்குப்பம், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். அவள் தம்பி யாஹ்யா துபாயில் ஓட்டல் வேலையில் இருக்கிறான். வெளிநாட்டுச் சாமான் எது என்றாலும் ஹஸீனாவிடம்தான் கேட்க வேண்டும்.

“வீட்டுக்குன்னே சின்ன மெஷின் விக்கிறாங்க பானுக்கா. பட்டன் அமுக்கினா வந்துரும்.”

“எங்கூரு கரண்ட பத்தித் தெரியாதா உனக்கு? மோட்டார் ஓடனா லைட்டு மங்குது. மெஷினு எங்க ஓடறது?”

“சரி, மாத்திர மாதிரி டப்பி வரும். டப்பிய உள்ள போட்டா போதும்.”

“டப்பி தீந்தா? மயிலத்துல போய் தேடறதா?”

“கையால அமுக்குற மாதிரி ஒண்ணு இருக்கு. கரண்ட் வேணாம். ஆனா தம் கட்டி அமுக்கணும்.”

“காலையில நாலு மாடு கறந்துட்டு வர்றேன். அதுக்கு மேல இன்னொன்னையும் கறக்கச் சொல்றியா?”

ஹஸீனா சிரித்து முடிய நேரம் பிடித்தது. கடைசியாக அடுப்பில் வைக்கிற குட்டிக் கெட்டிலைப் பற்றிச் சொன்னாள். மூன்றே பாகம். கீழே தண்ணி, நடுவில் தூள், மேலே காப்பி. திருகி அடுப்பில் வைத்தால் ஆவி முட்டித் தண்ணியைத் தூள் வழியாக மேலே ஏற்றிவிடும். கெட்டுப்போக ஒரு ரப்பர் வளையத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது.

“ஆனா சொல்லிடறேன்க்கா, அசல் எஸ்பிரெசோ ஆகாது. மெஷின் அமுக்குற அமுக்கு இதுல வராது. மேல அந்தப் பொன்னு நுரை நிக்காது.”

“நுரைய வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்? கெட்டியா, சூடா, உடனே வருமா?”

“வரும்.”

“அது போதும். ஒரு ஆளுக்கு வர்ற மாதிரி சின்னதா வாங்கியாரச் சொல்லு.”

யாஹ்யா லீவில் வந்தபோது பேரீச்சம்பழப் பெட்டிகளுக்கு நடுவில் அந்தக் கெட்டிலும் வந்தது. இடுப்பு ஒடுங்கி, பட்டை பட்டையாக, உள்ளங்கையில் அடங்குகிற அலுமினியப் பொருள். பானு திண்டிவனத்தில் காப்பிக்கொட்டை அரைக்கிற கடைக்குப் போய், சிக்கரி கலக்காமல், பில்டருக்கு அரைப்பதைவிட ஒரு சுற்று நைசாகக் கேட்டாள். கடைக்காரர், “சிக்கரி இல்லாம பாலு தாங்காதும்மா” என்றார். “பாலே இல்லைங்க” என்றாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அரைத்துக் கொடுத்தார்.

முதலில் எல்லாம் தப்பாகத்தான் வந்தது. கெட்டில் அடுப்புக் கம்பிகளுக்கு நடுவில் விழுந்துவிடும் அளவுக்குச் சின்னது. அப்பளம் சுடுகிற கம்பி வலையை மேலே போட்டு நிறுத்தினாள். கடையில் மெஷினுக்குத் தூளை அமுக்கியதைப் பார்த்த பழக்கத்தில் இங்கேயும் கட்டைவிரலால் இறுக்கினாள். ஆவி மேலே போக வழியில்லாமல் பக்கத்து ஓட்டை வழியாகச் சீறியது. மாமியார் குக்கர் வெடித்தது என்று கொல்லைக்கு ஓடினார். அப்புறம் பழகிக்கொண்டாள். தூளை நிரப்ப வேண்டும், அமுக்கக் கூடாது. தண்ணியைச் சுட வைத்தே ஊற்ற வேண்டும். தீயைச் சிம்மில் வைக்க வேண்டும். மேலே தேன் நிறத்தில் ஊறி வந்து, களக் களக் என்று சத்தம் கேட்டதும் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் கருகும். முதல் முறை சரியாக வந்த காலையில் கொல்லைப்புறம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து குடித்தாள். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

லட்சுமியம்மாள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்.

“ஏண்டி, கல்லு மாதிரி மனுசங்க இருக்கற வூட்ல எழவுக் காப்பி குடிச்சிக்கினு கெடக்கற? நாக்குல பாலு பட்டா கொப்புளமா வரப் போவுது?”

“பால நான்தான் கறக்கறேன் அத்த. கறக்கறவ குடிச்சே தீரணும்னு சட்டமா?”

அவர் பயத்திலும் அர்த்தம் இல்லாமல் இல்லை. மாமனார் அரங்கநாதன் அப்போதுதான் சாவின் வாசல் வரை போய்த் திரும்பியிருந்தார். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நினைவில்லாமல் கிடந்தவர், யாரும் எதிர்பார்க்காத ஒரு காலையில் கண்ணைத் திறந்து கேப்பைக் கூழ் கேட்டார். அதிலிருந்து கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். அப்படிப்பட்ட கட்டிலைத் தாண்டி தினமும் கடுங்காப்பி வாசம் போனால் கட்டினவள் திட்டத்தான் செய்வாள். பானு அது தெரிந்துதான் கதவைச் சாத்திக்கொண்டு போட்டாள். குடிப்பதை மட்டும் விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

புருஷன் ஜெகதீசன் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டு, அப்படியே மாட்டுத் தீவனம் வாங்க பைக்கில் திண்டிவனம் போயிருந்தான். லட்சுமியம்மாள் தலை முழுகிவிட்டு, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சீயக்காய் பட்டு இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. உள்ளே அரங்கநாதன் கொசுவுக்குப் பயந்து தலையோடு கால் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்தார் பங்காளி மண்ணாங்கட்டி.

பானு அப்போதுதான் கெட்டிலை இறக்கியிருந்தாள். வந்த மனுஷருக்குப் பால் காய்ச்சிக் காப்பி போட நேரமாகும். பரவாயில்லை என்று தனக்கு இறக்கியதையே டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினாள். எரிகிற கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த லட்சுமியம்மாள் டம்ளருக்குள் இருந்ததைக் கவனிக்கவில்லை.

“குடிங்க மாமா.”

மண்ணாங்கட்டி டம்ளருக்குள் பார்த்தார். கறுப்பு. லட்சுமியம்மாளைப் பார்த்தார். விரித்த தலை, சிவந்த கண். கதவு வழியாகக் கட்டிலைப் பார்த்தார். மூடின போர்வை. அதற்கு மேல் அவருக்கு என்ன சொல்ல வேண்டும்? சாவு வீட்டில் யாரும் வாயைத் திறந்து கேட்பதில்லை. டம்ளரைத் தொடாமல் கீழே வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பி நடந்தார். சாவு வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது.

“இன்னா அத்த இவரு, சொல்லாம கொள்ளாம போறாரு?” என்றாள் பானு.

“அவன் எப்பவுமே அப்பிடித்தான், மருவாத தெரியாதவன்” என்று முடியைக் கோதிக்கொண்டார் லட்சுமியம்மாள்.

மரியாதை தெரியாதவர் தெருமுனை திரும்புவதற்குள் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் அரங்கநாதன் வேட்டி சட்டையோடு சிரிக்கிற கல்யாணப் போட்டோவைப் போட்டு, கீழே கண்ணீர் அஞ்சலி என்று எழுதிவிட்டார். விழுப்புரத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் அரங்கநாதனின் தம்பி குமரேசன் ஜெகதீசனுக்கு போன் அடித்தார். பைக்கில் போகிறவன் எப்படி எடுப்பான்? பாவம், பையன் இடிந்துபோயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு மாலை வாங்கக் கிளம்பிவிட்டார்.

பானு கொட்டகையில் சாணி வழித்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதபடி வந்தார்கள். லட்சுமியம்மாள் பதறி எழுந்து, “யாரு? யாரு போய்ட்டது?” என்று ஓடினார். அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “போய்ட்டாரே அக்கா, உன்ன உட்டுட்டுப் போய்ட்டாரே” என்று அலறினார்கள். பாவம், அந்த அம்மாள் என்ன செய்வார்? தூக்கத்திலேயே போய்விட்டார், தனக்குத்தான் தெரியவில்லை என்று அவரும் நம்பிவிட்டார். வீட்டுக்குள் ஓடிக் கட்டில் மேல் விழுந்து, “என்ன உட்டுட்டுப் போய்ட்டியே” என்று மார்பில் அடித்துக்கொண்டார். போர்வை அசைந்தது.

“இன்னாடி பேஜாரு இது?” என்றார் அரங்கநாதன். “தூங்க உட மாட்டீங்களா?”

அழுகை பாதியில் நின்றது. ஒருத்தி பேய் என்று நினைத்துக் கதவில் மோதிக்கொண்டாள்.

குமரேசன் காரிலிருந்து இறங்கும்போது வாசலில் ஊரே நின்றுகொண்டிருந்தது. உள்ளே அண்ணன் உட்கார்ந்து தண்ணி குடிப்பதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த ரோஜா மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொட்டகைக் கம்பத்தில் மாட்டினார். செவலை மாடு எட்டி இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. வெட்கம் கோபமாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? எல்லோரும் கூடத்தில் கூடிவிட்டார்கள். தீவன மூட்டையோடு வந்து இறங்கிய ஜெகதீசனையும் இழுத்து நடுவில் நிறுத்தினார்கள்.

“நாலு மாடு கட்டிக்கினு ஒருத்தருக்குக் கடுங்காப்பி குடுத்தா, அவன் இன்னா நெனப்பான்?” என்றார் குமரேசன்.

“நான் கேக்க முடியுமா அண்ணே? பொணம் எங்கன்னு கேக்கறதா?” என்றார் மண்ணாங்கட்டி. அவருக்கும் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

லட்சுமியம்மாள் அடுப்படிக்குப் போய்க் கெட்டிலை எடுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்தார். “உசுரோட இருக்கற மனுசனுக்கு மால வந்துடுச்சு. இதுக்கு மேல இன்னா வரணும்? ஒண்ணு இந்த வூட்ல இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். எடுத்துக்கினு போய் கெணத்துல போடுடி.”

ஜெகதீசன் பொண்டாட்டியின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். “உட்டுடேன் பானு. ஒரு காப்பிக்கி இவ்ளோ ரப்சரா?”

“ஒரு காப்பிதானே? அப்போ நீங்க எல்லாரும் உடுங்களேன்.”

பானு குனிந்து கெட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். கிணற்றுக்குப் போகவில்லை. நடுவில் நின்றாள்.

“சாவு வூட்டுப் பண்டம், வூட்ல இருக்கக் கூடாதுன்றீங்க. சரி. மாமா இழுத்துக்கினு கெடந்தப்போ, ஜல்தி உசுரு அடங்கட்டும்னு அவரு வாயில இன்னா ஊத்துனீங்க? காப்பியா? பாலு. நான் கறந்த பாலு. சின்ன மாமா மொதல்ல ஊத்துனாரு, அப்பறம் மண்ணாங்கட்டி மாமா, அப்பறம் வரிசையில நின்னு ஒவ்வொருத்தரா ஊத்துனீங்க. எரிச்சிட்டு மக்யா நாளு சுடுகாட்ல இன்னா தெளிக்கறீங்க? அதுவும் பாலு. அதுக்காவ மாட்ட அவுத்து உட்டுட்டீங்களா? அதே பாலத்தானே காலையில எழுந்ததும் ஆத்தி ஆத்திக் குடிக்கறீங்க? என் காப்பி இன்னா பண்ணிச்சு? யாரு வாயில போய் ஊத்திச்சு?”

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“யாருடா என் வாயில பால் ஊத்துனது?”

அவருக்கு அதுவரை தெரியாது. நினைவில்லாமல் கிடந்தவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? போகிற உயிர் தவிக்காமல் போகட்டும் என்று செய்கிற காரியம். போகாமல் திரும்பி வந்துவிட்டவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

“குமரேசா, நீயா?”

“அண்ணே, அது வந்து, நீ கஷ்டப்படக் கூடாதுன்னு...” குமரேசன் தரையைப் பார்த்தார்.

அரங்கநாதன் பொண்டாட்டி பக்கம் திரும்பினார். “நீயும் ஊத்துனியா லட்சுமி?”

லட்சுமியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “ஒரு சங்கு ஊத்துனேன். கண்ணத் தொறக்காம கெடந்தியே, நான் இன்னா பண்ணுவேன்?” கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, யாரும் கேட்காமலே, மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார். “இவ மட்டும் ஊத்தல. எல்லாரும் சொல்லியும் மாட்டவே மாட்டேன்னு கதவாண்ட நின்னுக்கினா. அதுக்கும் அன்னிக்கு இவளத்தான் திட்டுனோம்.”

யாரோ ஒரு பெண் பேச்சை மாற்ற, சூடாக ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் நீட்டினாள். அரங்கநாதன் அந்த டம்ளரை நெடுநேரம் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எடுத்துக்கினு போ. பானு, நீ குடிக்கிறியே அந்தக் கறுப்புத் தண்ணி, அத போடு.”

பானு அடுப்படிக்குப் போனாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. தண்ணி ஊற்றி, தூள் நிரப்பி, திருகி, கம்பி வலை மேல் வைத்தாள். வாசம் கூடத்துக்கு வந்து, வாசல் வரை போயிற்று. வந்தவர்கள் ஒருவரும் நகரவில்லை. களக் களக் என்றதும் இறக்கி டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து கட்டில் முன்னால் நின்றாள். அரங்கநாதன் கையை நீட்டினார்.

அந்த வீட்டில் அவர் கேட்டதை அவர் குடிக்கும் முன் எந்தப் பெண்ணும் வாயில் வைத்ததில்லை. லட்சுமியம்மாள்கூட, வாழ வந்த நாளிலிருந்து, அவர் குடித்த பிறகு ஆறினதைத்தான் குடித்திருக்கிறார். பானு நீட்டிய கையைப் பார்த்தாள். டம்ளரைத் தன் வாய்க்குக் கொண்டுபோய் ஒரு வாய் குடித்தாள்.

“இது என்னுதுங்க மாமா. இதுல ஒரு ஆளுக்குத்தான் வரும். உங்களுக்கு அடுத்த ஈடு போடறேன்.”

குமரேசன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். ஜெகதீசன் கண்ணை மூடிக்கொண்டான். அரங்கநாதன் மருமகளைப் பார்த்தார், அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். நீட்டிய கையை மெல்ல மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அவசரமில்ல” என்றார். “நீ குடிச்சிட்டே போடு.”